காந்தம் ஒட்டுதா பாருங்க

எங்கள் ஊர் மாவு மில்லில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருந்தது. வரதராஜன்பேட்டையில் என் வயதுக்காரர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மிளகாய் அரைக்க அம்மா என்னைத்தான் அனுப்புவார். தூக்குவாளியில் வெயிலில் காய்ந்த மிளகாயும் வறுத்த மல்லியும், மேலே ஒரு மஞ்சள் கிழங்கும். வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் தும்மிக்கொண்டே அந்த டப்பாவைத்தான் பார்ப்பேன்.

மிஷின் வாயில் மிளகாய் சரிந்து இறங்குகிற தகரத்தில் கட்டையாக ஒரு காந்தம் பதித்திருந்தார் மில்லுக்காரர். சாயந்திரம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு பழந்துணியால் அந்தக் காந்தத்தை வழித்து எடுப்பார். துணியில் வந்ததை டப்பாவில் உதறுவார். ஒருநாள் அதைக் கையில் கொட்டிக் காட்டினார். ஊக்கு, கொண்டை ஊசி, கோணி தைக்கிற ஊசியின் உடைந்த முனை, பாதி பிளேடு, சைக்கிள் பால்ஸ் இரண்டு, ஒரு லாட ஆணி. மிளகாய்ச் செந்தூள் அப்பி எல்லாமே ஒரே நிறத்தில் இருந்தன.

"இதெல்லாம் உள்ள போயிருந்தா என் சல்லடை கிழிஞ்சிருக்கும் தம்பி. அதையும் தாண்டிப் போயிருந்தா உங்க வீட்டுக் குழம்புல கெடந்திருக்கும்."

காந்தம் என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் மனதில் வருவது அந்த டப்பாதான். அதன் பிறகு காந்தமே எனக்குச் சோறு போடுகிற தொழிலாக ஆகிவிட்டது. திருச்சியில் என்.டி.டி. படித்தேன். பொருளை உடைக்காமல், வெட்டாமல் அதற்குள் இருக்கிற பழுதைக் கண்டுபிடிக்கிற வேலை. ஆறு வருடம் வளைகுடாவில் குழாய் வேலை. இப்போது ஊரோடு இருந்துகொண்டு அரியலூர்ப் பக்கம் ஆலைகளை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலைகளுக்குப் போய்வருகிறேன். போன வாரம் ஒரு தம்பி, "அண்ணே, காந்தத்தால அப்படி என்னதான் பிரயோஜனம்?" என்று கேட்டான். டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். எவர்சில்வர் பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிற வழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்பது கணக்கு. எங்கள் பெரியம்மா இதில் கறார். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் கிடப்பது அவருக்குத் தெரியும் என்பதால் கடைக்கு என்னையும் கூட்டிப்போவார்.

அந்தக் கணக்கில் பாதிதான் சரி. 304 என்கிற நல்ல எவர்சில்வரில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல். அந்த நிக்கல் இருப்பதால் இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடும், காந்தம் பிடிக்காது. ஆனால் விலை குறைந்த 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். அதுவும் காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காந்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்றும் உண்டு. அசல் 304 தகட்டையே அழுத்திக் குடமாக இழுக்கும்போது வளைவுகளில் மட்டும் லேசாகக் காந்தத்தன்மை வந்துவிடும். அந்த மூலையில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு "ஒட்டுதே, இது டூப்ளிகேட்" என்று நல்ல பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியதும் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஐம்பது வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒட்டாத பாத்திரங்கள் ஒன்றுகூட அதில் சூடாகவில்லை. அந்த அடுப்புக்குள் இருக்கிற செம்புச் சுருள் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறுகிற காந்தப்புலத்தை உண்டாக்கும். பாத்திரத்தின் அடி காந்தத்தைப் பிடிக்கிற இரும்பாக இருந்தால்தான் அந்த ஆட்டம் அதற்குள் சூடாக மாறும். "இத்தனை நாளு ஒட்டக்கூடாதுன்ன, இப்ப ஒட்டணுங்கிற. எதைய்யா நம்புறது?" என்றார் பெரியம்மா.

அது நியாயமான கேள்வி. பதினைந்து வருடமாக என் வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். காந்தம் பொய் சொல்லாது. ஆனால் நாம் கேட்கிற கேள்வி ஒன்றாகவும் அது சொல்கிற பதில் வேறொன்றாகவும் இருக்கும். காந்தம் எதைப் பார்க்காது என்று தெரிந்தவர்தான் அதைக் கையில் வைத்து வேலை செய்ய முடியும்.

அரியலூர் பக்கம் எந்த சிமென்ட் ஆலைக்குப் போனாலும் இதை நேரில் பார்க்கலாம். நம் பகுதி ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல்லை வெட்டும்போது நத்தை ஓடும் சுருள் சுருளான கடற்பிராணிகளின் படிவமும் வரும். வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போங்கள். அந்தக் கல் சுரங்கத்திலிருந்து கிரஷருக்கு வந்து, உடைந்து, கன்வேயர் பெல்ட்டில் ஏறி அரவை மில்லுக்குப் போகிறது. கூடவே போல்ட், நட்டு, கம்பித்துண்டு, யாரோ மறந்து வைத்த ஸ்பானர் எல்லாமும் ஏறிவிடும். மாவு மில்லில் ஊக்கு வந்த மாதிரிதான். இங்கே அளவு மட்டும் பெரிசு. அரவை மில்லின் உருளைகளுக்கு நடுவே ஒரு இரும்புக் கட்டி போய் மாட்டினால் உருளையின் மேல்பரப்பு பெயர்ந்துவிடும், ஆலையே நிற்கும்.

அதற்காக பெல்ட்டுக்கு மேலே குறுக்காக ஒரு பெரிய மின்காந்தத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே கல் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு மட்டும் துள்ளி மேலே போய் ஒட்டும். காந்தத்தைச் சுற்றி ஓடுகிற சின்ன பெல்ட் அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், காந்தத்தின் எல்லை முடிகிற இடத்தில் தொட்டிக்குள் போட்டுவிடும். முதல் தடவை பார்த்தபோது வேலையை மறந்து அரைமணி நேரம் நின்றேன். உள்ளங்கை நீளப் போல்ட் ஒன்று கல்லுக்கு அடியிலிருந்து கல்லைப் பிளந்துகொண்டு எழுந்தது.

ஆனால் கிரஷருக்குள் கல்லை உடைக்கிற சுத்தியல்கள் இருக்கின்றன அல்லவா, அவை பெரும்பாலும் மாங்கனீஸ் எஃகு. ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1882-இல் கண்டுபிடித்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் மாங்கனீஸ். அடி வாங்க வாங்க மேல்பரப்பு இறுகுகிற எஃகு அது, அதனால்தான் கல்லுடைக்கப் போடுகிறார்கள். அதற்குக் காந்தம் பிடிக்காது! அப்படி இறுகிய துண்டு ஒன்று உடைந்து பெல்ட்டில் விழுந்தால், அத்தனை பெரிய மின்காந்தத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாத மாதிரி கடந்து போய்விடும். அதனால் காந்தத்துக்கு அடுத்து ஒரு மெட்டல் டிடெக்டரும் வைக்கிறார்கள். மின்சாரம் பாய்கிற எந்த உலோகமானாலும் அது கண்டுபிடிக்கும், ஆனால் எடுத்துப் போடாது. பெல்ட்டை நிறுத்தும், அவ்வளவுதான். ஆள் ஏறிப் போய்க் கல்லைக் கிளறித் தேடவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அப்படித் தேடுகிற பையன்கள் எங்கள் ஊரிலும் ஆண்டிமடத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு காந்தத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியாது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை.

வெல்டிங்கில் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத விரிசல், தலைமுடியைவிட மெல்லியது. பாய்லர், பாலம், கிரேன் கொக்கி, கப்பல், எதில் விழுந்தாலும் ஒருநாள் அது ஆளைக் கொல்லும். திருவெறும்பூர் பி.எச்.இ.எல். பாய்லர் ஆலை 1960-களில் வந்த பிறகு அதைச் சுற்றி துவாக்குடி வரை நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அவற்றால்தான் நம் பக்கத்துப் பையன்கள் வெல்டராகவும் ஃபிட்டராகவும் என்.டி.டி. ஆளாகவும் உலகம் முழுக்கப் போனார்கள். அங்கே எல்லோர் வாயிலும் புழங்குகிற வார்த்தை எம்.பி.ஐ. காந்தத்தூள் சோதனை.

கையில் பிடிக்கிற கருவிக்கு யோக் என்று பெயர். குதிரை லாடம் மாதிரி இரண்டு கால், உள்ளே செம்புச் சுருள். முதலில் வெல்டிங்கைச் சுத்தம் செய்து மெல்லிசாக வெள்ளைப் பெயின்ட் அடிப்போம். காலை இரண்டு பக்கமும் ஊன்றி பட்டனை அழுத்தினால் கைக்குள் ஒரு உறுமல் வரும். காந்தப்புலம் ஒரு காலிலிருந்து எஃகுக்குள் இறங்கி மறுகாலுக்கு ஓடுகிறது. எஃகு முழுசாக இருந்தால் உள்ளேயே ஓடி முடிந்துவிடும். வழியில் விரிசல் இருந்தால் தாண்ட முடியாமல் அந்த இடத்தில் கொஞ்சம் வெளியே கசியும். அந்த நேரத்தில் இரும்புத்தூள் கலந்த கறுப்பு மையைத் தெளித்தால், தூள் எல்லாம் கசிகிற இடத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்கு மேல் கறுப்புக் கோடு ஒன்று தானாக வரைந்துகொள்ளும். யாரோ உள்ளேயிருந்து பேனாவால் இழுக்கிற மாதிரி இருக்கும். எத்தனையோ ஆயிரம் முறை பார்த்தாயிற்று. அந்தக் கோடு வரும்போது இன்றைக்கும் மூச்சு ஒரு நொடி நிற்கும்.

இதிலும் காந்தத்துக்குக் குருட்டுப் பக்கம் உண்டு. புலம் ஓடுகிற திசைக்குக் குறுக்கே இருக்கிற விரிசல்தான் தெரியும். புலத்தோடு ஒட்டி நீளவாக்கில் ஓடுகிற விரிசல் தெரியாது. அதனால் யோக்கை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்டத் தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடியும் பார்க்கவேண்டும். அவசரத்தில் ஒரு திசையோடு எழுந்துவிடுகிற ஆள் உண்டு. ஷட்டவுன் நேரத்தில் சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டால் எழத்தான் தோன்றும். எனக்கு வேலை பழக்கிய அண்ணன் ஒருவர் கடலூர்க்காரர். அவர் சொன்னது: "திருப்பி வைக்காத யோக்கு, பார்க்காத யோக்கு." காலையில் வேலைக்கு முன்னால் யோக்கையே சோதிக்கவும் அவர்தான் பழக்கினார். ஏ.சி. யோக் நாலரைக் கிலோ இரும்பைத் தூக்கவேண்டும், டி.சி. யோக்கோ நிரந்தரக் காந்த யோக்கோ பதினெட்டுக் கிலோவைத் தூக்கவேண்டும். தூக்காவிட்டால் அன்றைக்கு அதைத் தொடக்கூடாது.

இந்த முறை எப்படி வந்தது என்பதும் சுவாரசியமான கதை. 1868-இல் இங்கிலாந்தில் சாக்ஸ்பி என்பவர் பீரங்கிக் குழலைக் காந்தமாக்கி, அதன்மேல் திசைகாட்டியை நகர்த்திக்கொண்டே போய் முள் அசைகிற இடத்தில் பழுது இருப்பதைச் சொன்னார். பிறகு முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி அமெரிக்காவில் வில்லியம் ஹோக், காந்தப் பிடிப்பானில் மாட்டிச் சாணை பிடித்துக்கொண்டிருந்த எஃகுத் துண்டுகளைக் கவனித்தார். சாணையில் உதிர்ந்த தூள் கண்டபடி கிடக்காமல் சில இடத்தில் கோடு கோடாக நின்றது. கோடு நின்ற இடத்தில் விரிசல். தூளைத் துடைத்துப் போடாமல் உற்றுப் பார்த்த ஒரு மனிதரால் வந்த தொழிலில்தான் நான் சாப்பிடுகிறேன்.

சோதனை முடிந்ததும் காந்தத்தை எடுத்துவிட வேண்டும் என்பது வெளியே யாருக்கும் தெரியாத விஷயம். எஃகுக்குள் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். ஷாஃப்ட்டில் தங்கினால் அது சுற்றும்போது உதிர்கிற இரும்புத்தூளை எல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். குழாயில் தங்கினால் வெல்டருக்கு நரகம். பாலைவனத்தில் ஒரு லைனில் இதைப் பார்த்தேன். கைதேர்ந்த வெல்டர், தஞ்சாவூர்க்காரர். ஆர்க் நேராக நிற்கவே மாட்டேன் என்கிறது, காற்றில் அலைகிற விளக்குச் சுடர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்கிறது. மூன்று முறை அறுத்துப் போட்டுத் திரும்பப் பற்றவைத்தார். அவர் கைமேல் சந்தேகப்பட்டு எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய் குழாய் வாயில் ஒரு பேப்பர் கிளிப்பை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நேராகத் தொங்காமல் குழாயைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. குழாய் முழுக்கக் காந்தம். கேபிளைக் குழாயில் சுற்றிக் கரண்ட் கொடுத்துக் காந்தத்தை எடுத்த பிறகு முதல் பாஸிலேயே நல்ல வெல்டிங் விழுந்தது. அவர் வந்து தோளைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்றை அவசியம் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகும்போது "கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்த்திருக்கீங்களா, கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் விழுந்திருக்கா?" என்று கேட்பார்கள். எரிச்சல்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்த மிஷினுக்குள் இருப்பது சாதாரணமாக 1.5 டெஸ்லா காந்தம், நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் முக்கி வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இருக்காது, ஒருமுறை ஏற்றிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் ஓடாவிட்டாலும் காந்தம் அணைவதில்லை. பத்து வருடத்துக்கு முன் கண்ணில் தெறித்துப் போய் நீங்களே மறந்துவிட்ட தூளை அந்தக் காந்தம் மறக்காது, விழிக்குள் அதை அசைத்துவிடும். என் சித்தப்பா ஒருவர் லேத் பட்டறையில் காலம் தள்ளியவர். முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். கேள்வியைக் கேட்டுக் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள். மும்பையில் 2018 ஜனவரியில் உறவினருக்குத் துணையாகப் போன இளைஞர் ஒருவர், கையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய் உயிரை விட்டார். கதவில் எழுதியிருப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபேன், ஸ்பீக்கர், செல்போனின் அதிர்வு, ஹார்ட் டிஸ்க், காற்றாலை என்று காந்தம் இருக்கிற இடங்களை எழுதினால் பக்கம் போதாது. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது. இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டாரில் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம். 1983-இல் ஜப்பானின் சகாவாவும் அமெரிக்காவின் குரோட்டும் தனித்தனியே உலகுக்குச் சொன்னது. சுண்டுவிரல் நகமளவு துண்டே கையைக் கடித்துவிடும். சூடுதான் அதற்கு ஆகாது. சாதாரண ரகம் எண்பது டிகிரிக்கு மேல் சோர ஆரம்பிக்கும், அதற்காக டிஸ்ப்ரோசியம் மாதிரி அரிய உலோகத்தைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா இந்த உலோகங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் ஓசூர் வரைக்கும் வண்டி உற்பத்தி தடுமாறியது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசு, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

நியோடிமியம் இருக்கிற மோனசைட் நம் கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அந்த மணலைப் பிரிக்கக் காந்தத்தையும் பயன்படுத்துகிறது. இல்மனைட் சீக்கிரம் ஒட்டும், கார்னெட்டும் மோனசைட்டும் அதைவிடக் குறைவாக ஒட்டும், சிர்கான் ஒட்டவே ஒட்டாது. காந்தம் செய்கிற மண்ணைக் காந்தமே பொறுக்கித் தருகிறது என்று நினைத்தபோது எனக்கு மில்லுக்காரர் டப்பா ஞாபகம் வந்தது. ஆனால் மோனசைட்டில் தோரியமும் உண்டு. கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை அந்த ஊர் மீனவர்கள் எதிர்ப்பது கதிர்வீச்சுக்குப் பயந்துதான், கடற்கரை போய்விடும் என்றுதான். நான் காந்தத்தால் பிழைக்கிறவன். நாடு சொந்தமாகக் காந்தம் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அப்படியிருந்தும் அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் ஒரு கூடை மணல்கூட எடுக்கக்கூடாது என்பதே என் எண்ணம்.

கடைசியாக, போன தை மாதம் எங்கள் தெருவில் நடந்தது. மாமா ஒருவர் டிராக்டர் வைத்திருக்கிறார், கரும்பு லோடு அடிக்கிறார். டிரெய்லர் மாட்டுகிற கொக்கியைக் கழற்றிக்கொண்டு வந்து, "கழுத்துல ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருக்கு மாப்ள, நீதான் காந்தம் வச்சுப் பாப்பியே" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வயர் பிரஷ் போட்டு, வெள்ளை அடித்து, திண்ணையில் வைத்தே யோக்கை ஊன்றினேன். முதல் திசையில் ஒன்றும் இல்லை. திருப்பி வைத்து மையைத் தெளித்தேன். கழுத்து வளைவில் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு எழுந்தது.

மாமா குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் தடவினார், கோடு அழிந்தது. மறுபடி தெளித்தேன், அதே இடத்தில் வந்தது. பெயின்டைத் துணியால் துடைத்துவிட்டு வெறும் இரும்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பவும் எனக்குத் தெரியலையேப்பா" என்றார்.

மறுநாள் புதுக் கொக்கி வாங்கி மாட்டிவிட்டார். பழையதை ஜெயங்கொண்டத்தில் பழைய இரும்புக் கடையில் போட்டபோது, கடைக்காரர் நூலில் தொங்கிய காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு "நல்ல இரும்பு" என்று எடை போட்டாராம். அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும். அதனால்தான் முதல் நாளே அந்தக் கொக்கியைக் கோடு இருந்த இடத்தில் கேஸ் கட்டரால் இரண்டாக அறுத்துக் கொடுத்திருந்தேன்.